மூன்றாம் படிக்காரர்கள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுறேன். நான் சுகம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தா முறைக்குது. உங்க ரத்த அழுத்தம் எப்படி? அண்ணி உப்பைக் குறைச்சும் நீங்க ஆபீஸ்ல பக்கத்து மேஜைக்காரர் சாப்பாட்டு டப்பாவுல கை வைக்கிறதா கேள்வி.

சலவைக்கூடத்துப் பெண்களுக்கு நான் எடுக்கிற மாலை வகுப்பு இப்பதான் கடிதப் பாடத்துக்கு வந்திருக்கு. எல்லாரும் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவங்க. கையில சோப்பு நாத்தம் போகுறதுக்குள்ள பென்சிலைப் பிடிக்கணும். நீங்க எழுதின பாடப் புத்தகத்துல மாதிரிக் கடிதம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு லீவு கேக்கிறது, இன்னொண்ணு நன்றி சொல்றது.

"மாண்புமிகு ஐயா அவர்களின் சமூகத்திற்குத் தாழ்மையுடனும் பணிவுடனும்"னு நான் வாசிச்சதும், சுருட்டை முடி இருக்கிறதால சுருட்டைன்னே எல்லாரும் கூப்பிடுற பொண்ணு கையைத் தூக்கிட்டா. "டீச்சர், முதல் வரியிலேயே கால்ல விழுந்துட்டா, அப்புறம் எப்படி எந்திரிச்சு லீவு கேக்கிறது?"

வகுப்பே சிரிச்சுது. அவங்கள்ல மூத்தவங்க, பெரியக்கான்னு பேரு, சொன்னாங்க: "அது துணிக்கு நீலம் போடுற மாதிரிடி. அழுக்கு போகாது. ஆனா வெள்ளையாத் தெரியும்."

நீங்க எழுதின பாடம். நீங்களே பதில் சொல்லுங்க. பணிவு இல்லாம ஒரு கடிதம் எழுதக் கத்துக்குடுக்கலாமா?

உங்கள் அன்புத் தங்கை

---

ஜனவரி 29

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அண்ணி உனக்கொரு தைலம் அனுப்பியிருக்கிறாள். முழங்காலுக்குத் தடவு, மாடிப்படிக்கு அல்ல. டப்பா விவகாரம் வெறும் வதந்தி.

உன் மாணவிகளின் கேள்வி என்னை இரண்டு நாள் சிரிக்க வைத்தது. மூன்றாம் நாள் உறுத்தியது. எழுத்துப் பாடத்தின் வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேனே, அதற்காகப் பழைய கையேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் விண்ணப்பத்துக்கு இலக்கணம் இருக்கிறது: முதல் பாதி ஆள்பவரின் பெருமை, அடுத்தது எழுதுபவரின் சிறுமை, கோரிக்கை கடைசி வரியில், அதுவும் இடமிருந்தால். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுந்து நின்று வாதாடக் கற்பித்தார்கள். மற்றவர்களுக்குக் கையெழுத்தை அழகாக்கக் கற்பித்தார்கள். பிறர் சொல்வதைப் பிழையின்றிப் படியெடுக்க அது போதுமே!

அந்தக் கையேட்டின் பேரப்பிள்ளைதான் என் பாடம் என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே கற்பித்துக்கொள். தாராளமாக. எனக்கு வேறு நற்செய்தியும் வரலாம். எங்கள் அலுவலகத்தில் பாடநூல் குழுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். என் பெயர் அடிபடுகிறது. உறுதியாகும்வரை வாயைத் திறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்

---

மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியமா? தைலம் நல்லா வேலை செய்யுது. வீட்டுக்காரம்மா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் என்கிட்ட பேசுறாங்க. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

நீங்க சொன்ன தைரியத்துல பணிவை எடுத்துட்டு வகுப்பு நடத்தினேன். "என்ன நடந்துச்சோ அதை முதல்ல எழுதுங்க, யாரையும் கும்பிடாதீங்க"ன்னேன். சுருட்டை எழுதினதை அப்படியே கீழே காப்பி பண்ணியிருக்கேன். எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தினேன்.

"துணி மூட்டை காலையில் வந்தது. நான் அவிழ்த்தேன். உள்ளே கையை விட்டேன். ஊசி ஏறியது. சூப்பர்வைசரிடம் காட்டினேன். தண்ணீரில் கழுவச் சொன்னார். கழுவினேன். இது யார் உடம்பில் போன ஊசி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் என் பிள்ளைக்கு அந்தக் கையால்தான் தலை சீவினேன்."

நான் வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தரா கையை நீட்டிக் காட்டினாங்க. ஊசி குத்தாத கை ஒண்ணுகூட இல்ல அண்ணா. ஆஸ்பத்திரியில விரிப்பை உதறாமலே சுருட்டி மூட்டை கட்டிடுறாங்களாம். கையுறை கேட்டா காண்டிராக்டர், "கல்யாணப் பொண்ணுங்களா நீங்க?"ன்னு கேக்கிறாராம்.

எல்லாரும் சேர்ந்து சுகாதாரத் துறைக்கு ஒரு புகார் எழுதியிருக்காங்க. இந்தப் பத்தியும் அதுல இருக்கு. கீழே கையெழுத்து, கைநாட்டு இல்ல. பெரியக்கா தன் பேரை ரெண்டு தடவை எழுதிட்டு, "ஒண்ணு பழக்கத்துக்கு"ன்னாங்க.

எப்படியிருக்கு? மறைக்காம சொல்லுங்க.

உங்கள் தங்கை

---

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம்; நீயும் உன் தைல வாசனையும் நலமாக இருக்க.

வந்த அன்றே படித்துவிட்டேன். அலுவலகத்தில் என் மேஜையில் வைத்து இரண்டு முறை படித்தேன். துன்பத்தை வரிசைப்படுத்தத் தெரிந்திருக்கிறது இந்தப் பெண்ணுக்கு. எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை நாங்கள் பட்டதாரிகளுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறோம், ஏறுவதில்லை. தலை சீவியதைச் சொல்லிவிட்டு அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதவில்லை பார். நானாக இருந்தால் இன்னும் நாலு வரி புலம்பிக் கெடுத்திருப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம். நீ கை வைக்கவில்லையே? எழுத்துக் கற்கும் பெரியவர்களுக்காக நான் வகுத்த படிவரிசைப்படி இவர்கள் மூன்றாம் படிக்காரர்கள். சொன்னதைப் பார்த்து எழுதும் நிலை. அதனால் கேட்டேன், வேறொன்றுமில்லை.

அன்புடன்
அண்ணன்

---

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு நல்லா இருக்கட்டும். இங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் சரியில்ல.

நான் கை வைக்கல. "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு மட்டும் கேட்டேன். அவங்க சொல்லச் சொல்ல அதையேதான் எழுதினாங்க. உங்க படிவரிசையை அவங்க படிக்கல, அதனால மூன்றாம் படியில நிக்கணும்னு அவங்களுக்குத் தெரியல.

புகார் போன வேகத்துல காண்டிராக்டர்கிட்டயே திரும்பி வந்துருச்சு. "துணி துவைக்கிறதுங்களுக்கு இப்படி எழுத வருமா? டீச்சர் எழுதிக் குடுத்து, இதுங்க கையெழுத்துப் போட்டிருக்கு"ன்னு அவர் எதிர்மனு போட்டிருக்கார். வகுப்பறைக்குப் பூட்டு போட்டாச்சு. விசாரணை வரப்போகுது. ஊசியைப் பத்தி இல்ல அண்ணா, யார் எழுதினதுங்கிறதைப் பத்தி! வீடு எரியுதுன்னு கத்தினா, கத்தினது யார் குரல்னு ஆராய்ச்சி பண்றாங்க.

உங்க அலுவலகத்துல ஒரு நிபுணர்கிட்ட கருத்து கேட்டிருக்காங்களாம். யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். நீங்க சிபாரிசு எதுவும் பண்ண வேண்டாம். படிக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா போதும். பொண்ணுங்க பயந்து போயிருக்காங்க. "என் அண்ணனே அந்த அலுவலகத்துலதான் இருக்கார், அநியாயம் நடக்க விடமாட்டார்"னு சொல்லி வெச்சிருக்கேன். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன், கோவிச்சுக்காதீங்க.

உங்கள் தங்கை

---

ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

வேலைப் பளுவின் காரணமாகப் பதில் தாமதமாகிவிட்டது. குழுத் தலைவர் பொறுப்பு சென்ற வாரம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய அறை. ஜன்னல் தெருப் பக்கம். அண்ணி திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறாள்.

நீ குறிப்பிட்டிருந்த விஷயம் உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டிருக்கும் என்றே கருதப்படுகிறது. விசாரணைகளில் எல்லாத் தரப்பும் கேட்கப்படுவது வழக்கம். வீணாகக் கவலைப்பட வேண்டாம். மழைக்காலம் வருகிறது, முழங்காலைக் கவனித்துக்கொள்.

அண்ணன்

---

ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். நான் இருக்கேன். உங்க கடிதம் முழுக்க "படுகிறது, பட்டது." கருதப்படுதாம். யார் கருதுறது அண்ணா? வினைச்சொல்லெல்லாம் இப்படிப் படுத்துக் கிடந்தா யார் வந்து எழுப்புறது?

விசாரணை முடிஞ்சுது. சலவைக்கூடத்துச் சாப்பாட்டு அறையில நடந்துச்சு. அதிகாரி ரெண்டு பேர், காண்டிராக்டர், நான், பொண்ணுங்க. அவங்களுக்கு ஆளுக்கொரு தாளைக் குடுத்து, "நேரம் தவறாமையின் நன்மைகள்" பத்தி எழுதச் சொன்னாங்க. நிபுணர் சொன்ன யோசனையாம்.

பெரியக்கா, "நேரம் தவறாமை நல்லது. நாங்கள் நேரம் தவறுவதில்லை"ன்னு எழுதிட்டு பேனாவை வெச்சுட்டாங்க. சுருட்டை ரெண்டு வரி எழுதி அடிச்சா. மறுபடி எழுதி அடிச்சா. காண்டிராக்டர் எட்டிப் பார்த்து, "ஊசி நல்லா வருது, நேரம் வரமாட்டேங்குது"ன்னு சிரிச்சார். இந்தத் தாளையும் புகாரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டும் ஒரே ஆள் எழுதினது இல்லைன்னு முடிவு பண்ணாங்க.

அப்புறம் நிபுணர் கருத்தை வாசிச்சாங்க. பேர் இல்ல. ஒரு வரி எனக்கு மனப்பாடமாயிருச்சு. "துன்பத்தை வரிசைப்படுத்தும் திறன் மூன்றாம் படிக் கற்போரிடம் இயல்பாகக் காணப்படுவதன்று, எனவே இப்புகார் பயின்ற கையொன்றால் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது."

அதிகாரி நிமிர்ந்து, "ஆட்சேபணை ஏதாவது இருக்கா டீச்சர்?"னு கேட்டார். உங்க மார்ச் மாசக் கடிதம் என் பையில இருந்துச்சு. காட்டலாம்னுதான் எடுத்துட்டுப் போயிருந்தேன். பொண்ணுங்க எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் "இல்லை"ன்னேன்.

சுருட்டையை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. பொய்ப் புகாராம். மத்தவங்களுக்கு எச்சரிக்கை. எனக்கு வகுப்பு கிடையாது.

அண்ணா, நீங்களும் நிபுணர்தானே? இந்த நிபுணரைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?

தங்கை

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுறேன். நல்லா இருக்கியா? நான் கடிதம் எழுதி எவ்வளவு நாளாச்சு! தப்பு இருந்தா டீச்சர் மாதிரி சிவப்பு மை எடுக்காதே.

உங்க அண்ணன் சரியில்லம்மா. உன்கிட்ட இருந்து கடைசியா ஒரு கடிதம் வந்துச்சே, அன்னிக்குப் பிடிச்சது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுத உட்கார்றார். "அன்புத் தங்கைக்கு"ன்னு எழுதுறார். கிழிக்கிறார். குப்பைக்கூடையைக் கொட்டினா அத்தனையும் "அன்புத் தங்கைக்கு". புது அறைக்குத் தைச்ச திரைச்சீலையைக்கூட மாட்டல. "எனக்கு எதுக்கு அது?"ங்கிறார். டாக்டர்கிட்ட போனோம், அழுத்தம் கூடியிருக்காம். என்ன விஷயம்னு கேட்டா, "அலுவலக விஷயம்"னு சொல்லி முகத்தைத் திருப்பிக்கிறார்.

உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா? சொத்தா பத்தா, சண்டை போட என்ன இருக்கு? எனக்காவது சொல்லு.

அன்புடன்
அண்ணி

---

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க கடிதத்துல ஒரு தப்பும் இல்ல. என்கிட்ட படிச்சவங்களே இவ்வளவு நல்லா எழுத மாட்டாங்க.

மனஸ்தாபம் எதுவும் இல்ல அண்ணி. அண்ணன் சொன்ன மாதிரி அலுவலக விஷயமாத்தான் இருக்கும். மாத்திரையை வேளைக்குக் குடுங்க. எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வரும்போது வரட்டும்.

நான் இப்ப ஒரு அச்சகத்துல பிழை திருத்துறேன். சம்பளம் பரவாயில்ல. சலவைக்கூடத்துத் தெரு வழியா போனா பக்கம்தான். ஆனா சுத்துப் பாதையிலதான் போறேன். அந்தப் பொண்ணுங்க எதிர்ல வந்தா எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசுறது? அவங்க இன்னும் "டீச்சர்"னுதான் கூப்பிடுவாங்க. அதை நினைச்சாத்தான் கூசுது.

இதை அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாம்.

உங்கள் நாத்தனார்

---

செப்டம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பத்தி எதுவும் எழுதல. மன்னிச்சுக்கோ. எழுத ஆரம்பிச்சா அங்கேயே சுத்திக்கிட்டு நின்னுடுவேன். புத்தகத் தமிழ்லயும் எழுதல. அதுல ஒளிஞ்சுக்க நிறைய இடம் இருக்கு.

அந்தக் கருத்தை எழுதினது நான்தான்.

இயக்குநர் அந்தப் புகார்க் கோப்பை என் மேஜையில வெச்சார். உன் பேரைப் பார்த்ததும், "இவங்க என் தங்கச்சி, வேற யார்கிட்டயாவது குடுங்க"ன்னேன். "தெரியும். அதனாலதான் உங்ககிட்ட தர்றேன். நீங்களே சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க"ன்னார். என்ன சொல்லணும்னு அவர் சொல்லல. தலைவர் நியமனம் அடுத்த மாசம்னு மட்டும் சொன்னார். நான் கோப்பை வாங்கிக்கிட்டேன். சாதகமா எழுதினா, அண்ணன் தங்கைக்கு எழுதிட்டான்னு பேசுவாங்க, பாதகமா எழுதுறதுதான் நேர்மைன்னு எனக்கு நானே வக்கீல் வெச்சுக்கிட்டேன். நாங்க கத்துக்குடுக்கிற கலையே அதுதானே, எதையும் நியாயம் மாதிரி எழுதுறது.

பதவிக்காக மட்டும்னு சொன்னாலும் அது முழு உண்மை இல்ல. அந்தப் பொண்ணு அப்படி எழுதினது நிஜம்னா, என் படிவரிசை பொய். ஊரெல்லாம் அதை வெச்சுத்தான் பெரியவங்களுக்கு எழுத்து கத்துக்குடுக்கிறாங்க. இவங்களால இதுக்கு மேல முடியாதுன்னு கோடு போட்டு வெச்சவன் நான். பழைய கையேட்டுக்காரனைப் பார்த்துச் சிரிச்சேனே, அவனாவது கும்பிட்டுட்டுக் கேக்கலாம்னு விட்டான். நான், அவங்க கேட்டதையே அவங்களுது இல்லைன்னுட்டேன்.

அவதான் எழுதினான்னு தெரிஞ்சே எழுதினேன். உனக்குப் பாராட்டி எழுதின அதே வார்த்தையைத் திருப்பிப் போட்டேன். வேணும்னே இல்ல. அதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கல. அதை நினைச்சாத்தான் ரொம்ப வெட்கமா இருக்கு.

நீ பையில இருந்து கடிதத்தை எடுக்கலேன்னு படிச்ச அன்னிக்கு, அண்ணி முன்னாடி தலை நிமிர முடியல. என்னைக் காப்பாத்த நீ அவங்களை விட்டுட்டே. அந்தப் பாவமும் என் கணக்குதான்.

கருத்தைத் திரும்ப வாங்கிக்கிறதா போன வாரம் எழுதிக் குடுத்துட்டேன், என் பேரைப் போட்டு. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைச்சார். என்னைப் புத்தகக் கிடங்குக்கு மாத்தியிருக்காங்க. அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ திரைச்சீலையை மடிச்சு உள்ள வெச்சா.

நேர்ல வந்து அவங்ககிட்ட சொல்லணும். வரலாமா?

அண்ணன்

---

அக்டோபர் 17

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். அண்ணி உன்னை விசாரிச்சா. நீ இளைச்சுட்டேன்னு சொன்னதும் என்னைத் திட்டினா.

உன்கிட்ட இருந்து பதில் வராமலே கிளம்பி வந்தது தப்புதான். கதவைத் திறந்து, "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டதுக்கு மேல நீ எதுவும் பேசல. நானும் கேக்கல. சலவைக்கூட வாசல் வரைக்கும் கூட வந்தியே, அது போதும்.

நீ வெளியிலேயே நின்னுட்டதால உள்ள நடந்ததை எழுதுறேன். சுருட்டை இப்ப அந்த ஊர்லயே இல்லைன்னு உள்ள போனப்புறம்தான் தெரிஞ்சுது. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டாளாம். வேலை தேடித்தான் போனா, பொய்ப் புகார் குடுத்தவள்னு இங்க யாரும் சேர்க்கலேன்னு பெரியக்கா சொன்னாங்க. கோபமா சொல்லல. மழை வருதுன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

நான் யாருன்னு சொன்னேன். பேச வேண்டியதை ரயில்ல வரும்போதே மனசுக்குள்ள அடுக்கி வெச்சிருந்தேன். மேடைமேடையாப் பேசினவன். "அந்தக் கருத்தை எழுதினது நான்தான், அது பொய்"னு மட்டும்தான் வந்துச்சு. அவங்க திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். ஒரு பொண்ணு போய் நாற்காலி எடுத்துட்டு வந்து, ஈரமா இருக்குன்னு தன் முந்தானையால துடைச்சு, "உக்காருங்க சார்"னா. அதைவிட நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

உக்காரல. நின்னுக்கிட்டே இருந்தேன். கடைசியில பெரியக்கா, "சார், மூட்டை வந்திருக்கு, நாங்க போகணும்"னாங்க. போனாங்க. கையில கையுறை இருந்துச்சு, புகாருக்கு அப்புறம் குடுத்ததா இருக்கும். பாதிப் பேர்கிட்டதான் இருந்துச்சு.

திரும்பி வரும்போது உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரல. அதான் நேரா ரயிலடிக்குப் போயிட்டேன்.

அண்ணன்

---

நவம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். கிடங்குல தூசி அதிகம்னு அண்ணி எழுதியிருந்தாங்க. வாயில துணி கட்டிக்கோங்க.

நீங்க கருத்தைத் திரும்ப வாங்கினதால கோப்பை மறுபடி திறந்திருக்காங்க. சுகாதாரத் துறையில இருந்து ஆள் வந்து மூட்டைகளைப் பிரிச்சுப் பார்த்துட்டுப் போனாங்க. இப்ப ஆஸ்பத்திரியில விரிப்பை உதறி அனுப்புறாங்களாம். எல்லா நாளும் இல்ல. மிச்சப் பேருக்கும் கையுறை வந்துருச்சு. சுருட்டைக்கு வேலை திரும்பக் கிடைக்கல. "அவர் ஊர்லயே இல்லையே, யாருக்குக் குடுக்கிறது?"ங்கிறாங்க. பொய்ப் புகார்ங்கிற சொல்லை மட்டும் அடிச்சிருக்காங்க.

நீங்க வந்துட்டுப் போனப்புறம் நான் சுத்துப் பாதையை விட்டுட்டேன். பெரியக்காவைப் பார்த்து, விசாரணை அன்னிக்கு என் பையில உங்க கடிதம் இருந்ததைச் சொன்னேன். அவங்க, "எங்களுக்கும் அண்ணன் தம்பி இருக்காங்க டீச்சர்"னாங்க. ஆறுதலுக்குச் சொன்னாங்களா, குத்திக் காட்டினாங்களா, இன்னும் எனக்குத் தெரியல. வகுப்பறைப் பூட்டை அதிகாரிங்க திறந்து குடுத்திருக்காங்க. வகுப்பு வேணும்னு பொண்ணுங்களே கேட்டாங்களாம். வர்றேன்னு சொல்லிட்டேன். முதல் நாள் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்னேன்.

சுருட்டையோட விலாசம் கிடைச்சுது. ஒரு விடுதியில பாத்திரம் கழுவுறாளாம். நான் எல்லாத்தையும் சொல்லி எழுதிட்டேன். மூணு வாரம் ஆகுது, பதில் இல்ல. வராமலும் போகலாம். எழுதணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து?

விலாசத்தைத் தனித்தாள்ல எழுதி இதோட வெச்சிருக்கேன். நீங்களும் எழுதுங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க, எழுதிட்டு எனக்குக் காட்டவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

உங்கள் தங்கை